எறியாதே, போடு!

1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம். மறுநாள் காலை வானொலிச் செய்தியில் "முதலில் துடுப்பெடுத்தாடிய அவுஸ்திரேலியா" என்று தொடங்கினார்கள். வாவிக்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மாமா தலையைத் தூக்கினார். "துடுப்பெடுத்தவனுகள் தோணிய எங்ககா விட்டவனுகள்?"

வீடே சிரித்தது. அவுஸ்திரேலியா எடுத்தது 241, இலங்கை மூன்று விக்கெட் மட்டும் இழந்து 245. அதெல்லாம் எங்களுக்கு முதல்நாள் இரவே தெரியும். எனக்கு மனதில் நின்றது மாமாவின் கேள்விதான். தோணி வலிக்கிறவனின் கைப்பொருள் எப்படிக் கிரிக்கெட்காரன் கைக்குப் போனது?

கிரிக்கெட்காரனின் கைப்பொருளைத் தமிழ்நாட்டில் மட்டை என்பார்கள். இலங்கைப் பத்திரிகைத் தமிழில் துடுப்பு. ஆடுகிறவர் துடுப்பாட்ட வீரர், ஆட்டம் துடுப்பாட்டம். வேடிக்கை என்னவென்றால், எங்கள் பையன்கள் கையில் இருந்தது உண்மையில் மட்டைதான். தென்னை மட்டையின் அடிப்பக்கத்தைக் கத்தியால் சீவிக் கைபிடி இறக்கினால் அரை மணித்தியாலத்தில் பற் தயார். அதை நாங்கள் மட்டை என்றோம். கடையில் வாங்கியதைப் பற் என்றோம், கொழும்புப் பாதிப்பில் சிலர் பெட் என்றார்கள். துடுப்பு என்று விளையாட்டில் ஒருவனும் வாய் திறந்து சொல்லிக் கேட்டதில்லை. அது வானொலிக்கும் பத்திரிகைக்கும் உரிய சொல். ஆனாலும் அந்தச் சொல்லைச் செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். தட்டையான அலகு, மெலிந்த கைபிடி, இரண்டு கைப்பிடிப்பு. துடுப்பைக் கண்ணால் பார்த்த ஒருவர்தான் அப்படிப் பெயர் வைத்திருப்பார்.

பொருள்களின் பெயர் இப்படி மேசையில் பிறக்கலாம். அடிக்கும் எறிக்கும் பெயர் அப்படிப் பிறப்பதில்லை. அது ஆட்டத்தின் நடுவே, மூச்சு வாங்கிக்கொண்டு கத்தும் வாயில் பிறக்கிறது. ஆகவே மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், பந்தை என்னென்ன செய்கிறோம் என்று எப்படிச் சொல்கிறோம் என்பதைக் கொஞ்சம் நின்று கேட்கத் தோன்றுகிறது.

கையிலிருந்து ஒன்றை விடுவதற்கு எங்களிடம் மூன்று வினைகள் உண்டு: எறி, வீசு, போடு. அகராதியில் மூன்றும் அக்கம்பக்கத்து வீடு. வாவியில் அப்படியில்லை. கல்லடிப் பாலத்தடியில் வீச்சு வலைக்காரன் ஒருவனைப் பாருங்கள். கயிற்று நுனி இடது மணிக்கட்டில். வலையின் ஒரு பாதி முழங்கையில் தொங்கும், விளிம்பின் ஒரு ஓரத்தைச் சிலர் பல்லில் கவ்வியிருப்பார்கள். இடுப்பை ஒரு பக்கம் முறுக்கி, நிறுத்தி, திரும்பும் வேகத்தில் கையை நீட்டி விடுகிறான். ஈயக்குண்டுகள் முன்னே பறக்க, வலை வட்டமாய் விரிந்து தண்ணீரில் படுகிறது. அவன் செய்தது வீசுதல். புதிதாய்ப் பழகுகிறவன் விட்ட வலை விரியாமல் ஒரு கட்டியாய்த் தொப்பென்று விழும். அப்போது கரையிலிருந்து வரும் பேச்சு: "எறியிறியா, வீசுறியா?"

எறி என்பது பழகாத கையின் வினை. வீசு, பழகிய கையின் வினை. இந்த வேறுபாடு அப்படியே கிரிக்கெட்டுக்குள் வந்திருக்கிறது. பத்திரிகை எழுதும்: பந்து வீசினார். தெரு சொல்லும்: போல் போட்டான். யாராவது "எறியிறான்" என்றால் அது வருணனையில்லை, குற்றச்சாட்டு. முழங்கை மடிந்து நிமிர்ந்தால் அது பந்துவீச்சே அல்ல என்ற விதியைத் தமிழ் இரண்டு வினைகளுக்குள் ஏற்கெனவே வைத்திருந்தது. சென்னைத் தெருக்களில் இதற்கு மாங்கா என்று பெயர், மாமரத்துக்குக் கல் விடுகிற கை என்ற பொருளில். நாங்களும் மாமரத்துக்குக் கல் விட்டவர்கள்தான், ஆனால் எங்களுக்கு எறி என்ற ஒற்றைச் சொல்லே போதுமாக இருந்தது.

1995 டிசம்பர் 26, மெல்பேர்ண். நடுவர் டெரல் ஹெயார், முத்தையா முரளிதரனின் பந்துகளை ஏழு தடவை நோ போல் என்றார். அந்த நாட்களில் எங்கள் ஊர்ச் சந்திகளில் நடந்த வாதம் முழுக்க இந்த இரண்டு வினைகளைச் சுற்றித்தான். பின்னர் சர்வதேச கிரிக்கெட் சபை, எந்தப் பந்துவீச்சாளருக்கும் 15 பாகை வரை முழங்கை நிமிரலாம் என்று விதியை மாற்றியது. முரளி 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டோடு டெஸ்ட் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார். எறிக்கும் வீச்சுக்கும் நடுவே பாகைமானி வைத்து அளக்க வேண்டிவரும் என்று வலைக்காரன் நினைத்திருக்க மாட்டான்.

எறி எங்கும் இழிவு என்று முடிவுகட்டிவிட முடியாது. பந்து ஆயுதமாகும் ஆட்டங்களில் அதற்கு முழு மரியாதை உண்டு. பேணிகளை அடுக்கிவைத்துப் பந்தால் சரித்து, திரும்ப அடுக்குவதற்குள் எதிரியின் முதுகைக் குறிவைக்கும் பேணிப்பந்தில் எறிதான் எல்லாம். எல்லேயிலும் அப்படி. பொல்லால் அடித்துவிட்டு ஓடுகிறவன் மேல் பந்து பட்டால் அவன் அவுட். அங்கே ஒருவனும் வீசுவதில்லை. பழந்தமிழில் வேலை எறிந்தார்கள், வாளை வீசினார்கள். குறி ஒன்றைத் தேடிப் போய்த் தைப்பது எறி, கையோடு வளைந்து வருவது வீச்சு. கண்ணகி வழிபாட்டோடு சேர்ந்த போர்த்தேங்காயையும் இங்கே சொல்ல வேண்டும். வடசேரி, தென்சேரி என்று ஊர் இரண்டாய்ப் பிரிந்து கொம்பு முறிக்கும் அதே மரபில் தேங்காயோடு தேங்காய் மோதும். உடைகிற தேங்காய்க்காரன் தோற்றான். பந்துக்குப் பதில் தேங்காய் என்பதைத் தவிர, பந்துக்காரனுக்கும் மட்டைக்காரனுக்கும் நடுவே நடப்பதற்கு இதைவிட நெருங்கிய உறவு எந்த ஆட்டத்துக்கு இருக்கிறது?

அடிகளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் கிரிக்கெட் அடிகளின் பெயர்கள் எல்லாம் வீட்டு வேலைகள்: கட், புல், ஹூக், ஸ்வீப், டிரைவ். வெட்டுதல், இழுத்தல், கொளுவுதல், கூட்டுதல், மாட்டை ஓட்டுதல். அவர்கள் வினையைப் பெயராக்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். தமிழில் நேராக அப்படிச் செய்து பார்த்தால் சங்கடம். ஸ்வீப்பைக் கூட்டல் என்றால் கையில் தும்புத்தடி வந்துவிடும். புல்லுக்கு இழுத்தடி என்று சொல்வார்கள், ஆனால் அந்தச் சொல் ஏற்கெனவே அரச அலுவலகங்களில் வேலை பார்க்கிறது. ஒரு காணி உறுதிக்காக நான் ஏறி இறங்கிய ஓர் அலுவலகத்தில் இருந்தவர்களைவிடச் சிறந்த இழுத்தடி ஆட்டக்காரர்களை எந்த மைதானத்திலும் கண்டதில்லை.

தெருத்தமிழ் வேறு வழி கண்டுபிடித்தது. அடியின் பெயர் ஒரு சொல்லில் இல்லை, இரண்டு வினைகளின் கூட்டில் இருக்கிறது. முதல் வினை கை என்ன செய்தது என்று சொல்லும். இரண்டாவது வினை பந்துக்கு என்ன ஆனது என்று சொல்லும். வெட்டி அடி, தூக்கி அடி, சுத்தி அடி, உருட்டி விடு, தடுத்து வை. இதில் நுணுக்கம் இரண்டாவது வினையில்தான். தட்டு என்ற ஒரே முதல் வினையை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டி வைத்தால் பந்து காலடியில் செத்துக் கிடக்கிறது, ஓட்டமில்லை. தட்டி விட்டால் அது இரண்டு பேருக்கு நடுவே உருண்டு போகிறது, ஒரு ஓட்டம் நிச்சயம். தட்டி அடித்தால் நேரம் பார்த்துப் பட்ட அடி, பலத்தால் போகவில்லை. தட்டிப் போடுவது கரப்பந்தில்: எதிரிகள் இருவர் வலைமேல் கை உயர்த்தி நிற்க, அடிப்பதுபோல் எழும்பி விரல் நுனியால் அவர்களுக்குப் பின்னால் சொட்டாய் விடுவது. நான்கும் நான்கு ஆட்டம். வைத்தல், விடுதல், அடித்தல், போடுதல் என்ற துணைவினைகளுக்கு இலக்கண ஆசிரியர் கரும்பலகையில் மணிக்கணக்கில் விளக்கம் கொடுப்பார். மைதானத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவன் பிழையில்லாமல் பிரயோகிக்கிறான்.

பந்தின் போக்குக்கும் ஊர்ச்சொல் உண்டு. சுழற்பந்து என்று பத்திரிகை எழுதும் பந்தை எங்கள் பக்கத்தில் "கிறுகுது" என்பார்கள். கிறுகுதல் என்றால் மட்டக்களப்பில் திரும்புதல். தெருவில் போகிறவரை "இஞ்சால கிறுகுங்க" என்றால் இந்தப் பக்கம் திரும்பச் சொல்கிறோம். நிலத்தில் குத்தியதும் பந்து மனம் மாறி வேறு பக்கம் பார்ப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல்லை நான் அறியேன். சுழற்சி பந்துக்குள் நடப்பது, கிறுகல் மட்டைக்காரனுக்கு முன்னால் நடப்பது. அவனுக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

பத்திரிகைக்கு இந்தச் செல்வம் ஏன் போய்ச் சேரவில்லை? பத்திரிகைக்குப் பெயர்ச்சொல் வேண்டும், தலைப்பில் அடங்க வேண்டும். இலங்கைத் தமிழ் விளையாட்டு எழுத்து, பெயர்ச்சொல் செய்வதில் கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது: களத்தடுப்பு, ஆட்டமிழப்பு, நாணய சுழற்சி, அரைச்சதம், உதிரிகள், மென்பந்து, கடினப்பந்து. தமிழ்நாட்டில் டாஸ், ஃபீல்டிங், ரன் என்று போகும் இடங்களில் இங்கே தமிழ் நிற்கிறது. உதிரிகள் என்ற சொல்லுக்கு நான் அடிமை. அடித்து எடுக்காமல் தானாய் உதிர்ந்த ஓட்டங்கள் என்று யாருக்கு முதலில் தோன்றியதோ! ஆனால் கவனியுங்கள், இவையெல்லாம் கணக்கும் நிலையும் சொல்லும் சொற்கள். ஓர் அடி எப்படி இருந்தது என்று எழுத வரும்போது பேனா தடுமாறி "அபாரமாக ஆடினார்" என்று முடித்துவிடுகிறது.

மட்டக்களப்பின் சொற்களைப் பேசும்போது கூடைப்பந்தைத் தாண்டிப் போக முடியாது. இயேசு சபையினர் நடத்திய புனித மிக்கேல் கல்லூரி 1873இல் தொடங்கியது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பக்கத்துத் துறவிகள் இங்கே வந்தபோது வேதத்தோடும் விஞ்ஞானத்தோடும் கூடைப்பந்தும் வந்து இறங்கியது. வெபர் அடிகளாரின் பெயரில்தான் இன்றும் நகரின் மைதானம் இருக்கிறது. லூசியானாவில் பிறந்த யூஜின் ஹேபெர்ட் அடிகளார் தலைமுறை தலைமுறையாகப் பையன்களைப் பயிற்றி, இந்தச் சிறு நகரத்தின் அணியைத் தீவு முழுவதும் பெயர் சொல்லும் அணியாக்கினார். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்புகையில், ஏறாவூர்ப் பக்கத்தில் அவரும் உடன் சென்ற இளைஞரும் காணாமற்போனார்கள். மைதானத்தில் அவர் விட்டுச்சென்ற சொற்கள் மட்டும் காணாமற்போகவில்லை: லேஅப், ஹூக் ஷொட், செட் ஷொட், ரீபவுண்ட், பிவட்.

ஷொட் என்று நான் எழுதுவதைத் தமிழ்நாட்டு வாசகர் பிழை என்று நினைக்கக்கூடும். அவருக்கு அது ஷாட். அங்கே ஹாக்கி, டாலர், காலேஜ். இங்கே ஹொக்கி, டொலர், கொலிஜ். ஒரே ஆங்கிலச் சொல் பாக்கு நீரிணையின் இரு கரையில் இரண்டு வாயைப் பெற்றது. பற், விக்கெற், றன் என்று றகரத்தை நம்பி எழுதும் பழைய கையும் எங்களிடம் உண்டு. சின்ன வயதில் "றன்னவுட்" என்று சுவரில் கரியால் எழுதியவனுக்கு அது வேற்றுமொழி என்ற நினைப்பே இருந்திருக்காது.

கூடைப்பந்துச் சொற்கள் ஏன் ஆங்கிலமாகவே நின்றன என்பதற்கு என் விளக்கம் எளியது. கிரிக்கெட்டைப் பிள்ளைகள் பிள்ளைகளிடமிருந்து கற்றார்கள், எனவே தங்கள் வாய்ச்சொல்லால் பெயரிட்டார்கள். கூடைப்பந்தை ஆசிரியரிடமிருந்து கற்றார்கள். ஆட்டமும் சொல்லும் ஒரே பொதியில் வந்தன. தமிழ்ப் பெயர் மட்டும் ஒரு பழைய உண்மையைப் பிடித்துவைத்திருக்கிறது. 1891இல் ஜேம்ஸ் நைஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் மேல்மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டியது பீச் பழம் வைக்கும் நிஜக் கூடை. பந்து உள்ளே விழுந்தால் ஏணி வைத்து ஏறி எடுத்தார்கள். பிறகு கூடைக்கு அடிப்பாகம் போனது, வளையமும் வலையும் வந்தன. எங்கள் பையன்களுக்கு அது றிங். கூடை என்ற சொல் கூடைப்பந்து என்ற பெயருக்குள் மட்டும் அந்த 1891ஆம் ஆண்டை வைத்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் அந்த மைதானத்திலும் ஒரு தமிழ் வினை உள்ளே புகுந்தது. லேஅப் பழக்குகிற மூத்தவன் பக்கத்தில் நின்று கத்துவதைக் கேட்டிருக்கிறேன். பையன் ஓடிவருகிறான், பந்தைப் பிடித்து ஓர் எட்டு, இரண்டாவது எட்டு, எழும்புகிறான். பதற்றத்தில் பந்து பலகையின் மேல்விளிம்பில் பட்டுத் தெறிக்கிறது. "எறியாதடா, போடு!" மறுபடி. இம்முறை உள்ளங்கை மேல்நோக்கி, பலகையில் வரைந்த சதுரத்தின் மூலையில் பந்தை மெல்லச் சாத்துகிறான், அது சரிந்து வளையத்துக்குள். "ஆ, அதுதான் போடுறது." வலைக்காரனின் எறியும் முரளியைச் சுற்றிய எறியும் இந்த எறியும் ஒன்றே. போடு என்பது போய்ச் சேருகிற வினை: கோல் போடு, பாஸ்கட் போடு, போல் போடு, கடிதம் போடு, சோறு போடு.

வலைப்பந்தில் தர்ஜினி சிவலிங்கத்தைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் தெளிவு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலங்கை அணிக்கு ஆடிய, 208 சென்றிமீற்றர் உயரமான அவரது கைக்கு உயர்ந்து வரும் பந்தை எந்தத் தடுப்பாளருக்கும் எட்டாது. அவர் பிடிக்கிறார், ஒரு கணம் நிற்கிறார், போடுகிறார். எறிவதற்கு அங்கே அவசியமேயில்லை.

பெண்களின் பந்தாட்டம் நம் மொழியில் மிகப் பழையது. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வரும் கந்துக வரி, பந்தடிக்கும் பெண்களின் பாட்டு. பெருங்கதையின் வத்தவ காண்டத்தில் பந்தடி கண்டது என்று ஒரு பகுதியே இருக்கிறது. பெண்கள் போட்டிபோட்டுப் பந்தடிக்கிறார்கள், எண்ணிக்கை சொல்லப்படுகிறது. வைகாசியில் கண்ணகி வழக்குரை படிக்கும் எங்கள் கோயில்களில், அந்த நாயகியின் சிலப்பதிகாரத்திலேயே பந்தடிப் பாட்டும் உண்டு என்பதை யாரும் நினைப்பதில்லை. பந்தடி என்ற சொல்லோ சாகவில்லை. கிரிக்கெட்டோ உதைபந்தோ கரப்பந்தோ, இலங்கைத் தமிழன் மாலையில் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது சொல்வது "பந்தடிக்கப் போறன்". ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அதே சொல்தான். சொன்னவர்கள் பெண்களாக இருந்த காலம் போய், வீட்டுக்கு வெளியே விளையாடும் உரிமை பையன்களிடம் போனதும் தெருவின் ஆட்டச்சொல் முழுவதும் பையன்களின் சொத்தாகிவிட்டது. இந்தக் கட்டுரையில் நான் கேட்ட குரல்களும் பெரும்பாலும் அவர்களுடையவைதான்.

கரப்பந்துக்கு 1991இல் தேசிய விளையாட்டு என்ற பட்டம் கிடைத்தது. 1916இல் கொழும்பு வை.எம்.சி.ஏ. வழியாக வந்த ஆட்டம் அது. அறைதல் என்று எழுத்துத்தமிழ் சொல்லும் அடியை மைதானம் ஸ்மாஷ் என்கிறது, அல்லது வெறுமனே அடி. வடக்கில் ஓவர்கேம் என்றொரு தனிவகையே வளர்ந்து, புலம்பெயர்ந்தவர்களோடு ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போயிருக்கிறது. உதைபந்தில் பெனல்டிக்குப் பத்திரிகை தண்ட உதை என்று எழுதும். தண்டப்பணம் கட்டிப் பழகிய எங்கள் காதுக்கு அந்தச் சொல்லில் நீதிமன்ற வாசனை அடிக்கிறது, அதனாலேயே அது நல்ல சொல்.

கரப்பந்து என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. கரம் என்றால் கை, அதிலிருந்து கரப்பந்து. இலங்கையில் பலகையில் விரலால் சுண்டி ஆடும் கரம் ஆட்டமும் கரம்தான். 2008 ஜூலையில் கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். அஜந்த மெண்டிஸ் நடுவிரலால் பந்தைச் சுண்டி விட்டு 13 ஓட்டங்களுக்கு இந்தியாவின் 6 விக்கெட்டுகளை எடுத்தார். உலகம் அதைக் கரம் போல் என்றது. அதைத் தமிழாக்கப் போனவருக்குக் கரம் பந்து என்று வரும். கரப்பந்துக்கும் அதற்கும் ஓரெழுத்துத் தூரம். அதே விரல்வேலையைச் சென்னைத் தெரு டென்னிஸ் பந்துக்காரர்கள் சொடக்கு என்று வைத்திருந்தார்கள். ரவிச்சந்திரன் அஸ்வின் அதைத் தெருவில் கற்றுக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். சொடக்கு என்ற சொல்லில் விரலின் சத்தமே இருக்கிறது. அதை இரவல் வாங்குவதில் எனக்கு வெட்கமில்லை.

இப்போது இரவல் தாராளமாகவே நடக்கிறது. 2017இல் தமிழ் விளையாட்டு அலைவரிசை தொடங்கிய பிறகு சென்னைப் பேச்சு நேரே எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருகிறது. "மரண அடி" என்று கத்தும் சின்னப் பையனுக்கு அது எந்த ஊர்ச்சொல் என்று தெரியாது, தெரிய வேண்டியதுமில்லை. ஷொட் என்று எழுதியவன் மகன் ஷாட் என்கிறான். கிறுகுது என்பது குறைந்து ஸ்பின் ஆகுது என்பது கூடியிருக்கிறது. எனக்கு வருத்தம் அந்த ஒரு சொல்லுக்குத்தான். ஆளின் பெயரில் அடிகள் அதற்குச் சற்று முன்பே வந்துவிட்டன: டோனியின் ஹெலிகொப்டர், 2009இல் இங்கிலாந்தில் நடந்த இருபது ஓவர் உலகக் கிண்ணத்தில் திலகரட்ன டில்ஷான் மண்டியிட்டு, வரும் பந்தைத் தன் தலைக்கும் விக்கெட் காப்பாளர் தலைக்கும் மேலால் அனுப்பிய டில்ஸ்கூப்.

போன மாதம் ஒரு மாலை வாவிக்கரையில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். வாவிக்குள் போனால் அவுட் என்பது அங்கே விதி. ஒருவன் தூக்கி அடித்தான், பந்து கரையைத் தாண்டித் தண்ணீரில் விழுந்து மிதந்தது. தோணியில் வந்த கிழவர் ஒருவர் நிறுத்தினார். துடுப்பின் அலகைப் பந்தின் அடியில் கொடுத்து, தண்ணீரோடு சேர்த்துக் கோரி, தலைக்கு மேலால் கரைக்கு விட்டார். நனைந்த பந்து மணலில் வந்து குத்தியது. அவர் எறிந்தாரா, வீசினாரா, போட்டாரா என்று நான் யோசிப்பதற்குள் ஒரு பையன் கையைத் தூக்கிக் கத்தினான்: "டில்ஸ்கூப்!"

அடித்தவன் அவுட்டா இல்லையா என்று மற்றவர்கள் இன்னும் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். கிழவர் அதற்குள் படுவான்கரைப் பக்கம் வலித்துக்கொண்டு போய்விட்டார்.